கண்ணாடிக்கடைக்கு இரண்டு வைஃபை

கடைக்கு வருகிறவர்களுக்கு வைஃபை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் கல்லாவும் கணக்கும் எந்த வைஃபையில் ஓடுகிறதோ அதே வைஃபையின் பாஸ்வேர்டைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கிறார்கள் பாருங்கள், அதைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சின்னக் கடைகளுக்கு இணைய வசதி செய்து கொடுப்பது என் பிழைப்பு. முடி வெட்டும் கடை, பல் டாக்டர், தையல் கடை, செருப்புக் கடை என்று நான் ஏறாத படி இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பாட்டுதான் பாடுவேன். வருகிறவர்களுக்கு ஒரு வைஃபை, கடைக்கு ஒரு வைஃபை, ஒன்றில் இருப்பவர் இன்னொன்றை எட்டிப் பார்க்க முடியக் கூடாது. எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த முறை போனால் கடையின் புதுப் பாஸ்வேர்டும் சுவரில் ஒட்டியிருக்கும்.

கண்ணாடிக்கடை அக்கா சும்மா தலையாட்டுகிற ரகம் இல்லை. நான் முதல் தடவை அவர் கடைக்குப் போனபோது, கருவிப் பையைக் கீழே வைப்பதற்குள் கையை நீட்டி என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டார். முன்பின் தெரியாத ஆளாயிற்றே என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

"ஒரு காது மேல, ஒரு காது கீழ உனக்கு. இத்தனை வருஷமா எந்தக் கடையிலயும் சொல்லலையா தம்பி?"

என் மனைவிகூட இதுவரை கண்டுபிடிக்காத குறை. கண்ணாடியில்லாமல் எதிரில் அவர் கலங்கலாகத் தெரிந்தார். சூடான காற்று வரும் ஒரு சின்னக் கருவியில் கண்ணாடியின் காதுக்கம்பியைக் காட்டி, கட்டைவிரலால் அழுத்தி வளைத்து, அவரே திரும்ப மாட்டிவிட்டார். அன்றிலிருந்து அது மூக்கில் வழுக்கியதே இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் இதே மரியாதைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் யாரைப் பார்த்தாலும் முதலில் பார்ப்பது மூக்கை, அப்புறம் காதை. முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பார்.

கடை அகலம் குறைந்து நீண்டு கிடக்கும். இரண்டு பக்கச் சுவரிலும் ஃபிரேம்கள் வரிசையாக மாட்டியிருக்கும். நடுவில் ஒரு மேசை, அதன் பின்னால் அக்காவின் நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்ச். ஒரு பாதிச் சுவருக்கு அப்பால் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம். அதற்கும் அப்பால் கட்டிலும் அடுப்பும் உள்ள ஓர் அறை, அதுதான் அக்காவின் வீடு. கடைக்கு மேலே இன்னோர் அறை இருந்தது, படி வெளியே தெருவிலிருந்து ஏறும். அதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தனியாக வாடகைக்கு இருந்தார். அக்கா அவரை மாடி சார் என்பார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அக்காவுக்கு இந்தக் கடைதான் உலகம். கணவர் முன்னால் உட்கார்ந்து கண் பரிசோதிப்பார், இவர் பின்னால் நின்று லென்ஸ் தேய்ப்பார். கண்ணாடி கச்சிதமாக அமைந்தால் பாராட்டு முன்னால் இருப்பவருக்கு, கொஞ்சம் பிசகினால் திட்டு பாதிச் சுவரைத் தாண்டி வந்துசேரும்.

"நான் செஞ்ச கண்ணாடியைப் போட்டுக்கிட்டு என்னையே பார்க்காமப் போனவங்க எத்தனையோ பேரு தம்பி" என்று சொல்லி அவரே சிரிப்பார்.

மகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது கணவர் ஒரு மத்தியானம் மேசையிலேயே சாய்ந்தார், எழவில்லை. அக்கா கண் பரிசோதனையைப் படித்துத் தேறி, அதன் பிறகு முன்னாலும் பின்னாலும் தானே ஓடினார். மகனை மட்டும் இயந்திரத்துப் பக்கம் அண்ட விடவில்லை. அவனும் சொன்ன பேச்சைத் தட்டாமல் படித்தான், கடல் தாண்டிப் பெரிய வேலைக்குப் போனான், அங்கேயே வீடு வாங்கினான்.

"நல்லா வளர்த்தேன். இங்க இருக்க முடியாத அளவுக்கு நல்லா வளர்த்துட்டேன்" என்றார் அக்கா. பெருமையா வருத்தமா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் பில் பிரிண்டர். லென்ஸுக்காக பெஞ்சில் காத்திருந்த ஒருவர் தன் ஃபோனில் எதையோ தட்ட, மேசைமேல் சும்மா கிடந்த பிரிண்டர் உயிர்பெற்று அவருடைய வேலை விண்ணப்பத்தை அச்சடிக்க ஆரம்பித்துவிட்டது. பெயர், படிப்பு, முந்தைய வேலையை விட்ட காரணம் எல்லாம் பில் காகிதத்தில் முழம் முழமாக வந்து தரையைத் தொட்டன. அக்கா முதலில் பேய் என்று நினைத்தாராம். பயம் தெளிந்ததும் முழுவதையும் உட்கார்ந்து படித்துவிட்டு, "இவ்வளவு படிச்சவரு கண்ணை மட்டும் ஏன் இத்தனை நாளா கவனிக்கல?" என்று அந்த மனிதரையே கேட்டிருக்கிறார்.

சிரிக்கலாம்தான். ஆனால் பெஞ்சில் இருப்பவரின் ஃபோன் பிரிண்டர் வரை போகுமென்றால், வாடிக்கையாளர்களின் பெயரும் நம்பரும் கண் பவரும் இருக்கிற கம்ப்யூட்டர் வரை போகவும் வழி இருக்கிறது. கார்டு மெஷினும் அதே வைஃபையில்தான் இருந்தது. இதைச் சொன்னதும் அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அதாவது முன்னாடி உக்காந்திருக்கறவங்க பாதிச் சுவரைத் தாண்டி வரக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்க்கா."

"அப்போ பிரிச்சிடு. ஆனா கேமராவை மட்டும் தொடாத."

மேசைக்கு எதிரே, சுவரின் உச்சியில், உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு வெள்ளைக் கேமரா இருந்தது. மகன் கடைசியாக வந்திருந்தபோது வாங்கி மாட்டியது. நீ தனியா இருக்கியேம்மா, நான் அங்கேருந்து பார்த்துக்கிட்டே இருப்பேன் என்று சொல்லியிருக்கிறான். யாராவது அதைத் திறந்து பார்த்தால் கேமராவில் பொட்டுப்போல ஒரு பச்சை விளக்கு எரியும். அதையும் அவனே காட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

அதன் பிறகு அக்காவின் நாள் முழுவதும் அந்த விளக்குக்கு முன்னால் வந்துவிட்டது. தூண் மறைவில் இருந்த நாற்காலியை இழுத்து வெளியே போட்டார். அதுவரை பின்னறையில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறவர், தட்டை மேசைக்குக் கொண்டுவந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். மகன் பார்த்தால் நிம்மதியாக இருக்குமல்லவா? புது ஃபிரேம் வந்தால் மாட்டிக்கொண்டு கேமரா பக்கம் இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்டுவார். விளக்கு எரிந்தால் பேசவும் செய்வார். நான் அங்கே இருந்தபோதே ஒரு தடவை எரிந்தது. ஒரு வாடிக்கையாளருக்குக் காதுக்கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, "இருப்பா, ஆளு இருக்காங்க, வரேன்" என்றார். வாடிக்கையாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"உங்க பையனும் பேசுவாராக்கா இதுல?"

"அவனுக்குப் பேச நேரம் ஏது? வேலைக்கு நடுவுல ஒரு எட்டு பார்த்துட்டுப் போறான். ஃபோன் பண்ணாட்டி என்ன, நேர்ல வந்து எட்டிப் பார்த்த மாதிரிதானே?"

ஃபோன் வருகிறதா என்று நான் கேட்கவே இல்லை. அவராகவேதான், இங்கே பகல் என்றால் அங்கே ராத்திரி, அவனுக்கு ஓயாத மீட்டிங், வார லீவில்தான் தூங்குகிறான் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சங்கடமாகிவிடும். ஸ்குரூ டிரைவரைத் தேடுவதுபோல் பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

கேமராவைத் தொடாதே என்றதற்கு அவர் சொன்ன காரணம் இதுதான். வேறு வைஃபைக்கு மாற்றினால் மகனின் ஃபோனில் அறுந்துவிடும். மறுபடி பாஸ்வேர்ட் போடு என்று அவனைத் தொந்தரவு செய்ய வேண்டும். அவன் அப்புறம் போடறேம்மா என்பான்.

"அவனோட அப்புறம் எனக்குத் தெரியும் தம்பி. அது வரவே வராது" என்றார்.

எனக்கோ கேமராவைப் பெஞ்சுக்காரர்களோடு விட்டுவைக்க மனசு வரவில்லை. போதாக்குறைக்கு அந்தப் பிள்ளை, டப்பாவில் என்ன பாஸ்வேர்ட் வந்ததோ அதையே வைத்துவிட்டுப் போயிருந்தான். படித்த பிள்ளை! அந்த வைஃபையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் கடைக்குள் எட்டிப் பார்க்கலாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, உங்கள் மகனின் கணக்கு அப்படியேதான் இருக்கும், கேமரா எந்த வைஃபையில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியப்போவதில்லை, அறுந்தால் என் கையை வெட்டுங்கள் என்றெல்லாம் சத்தியம் செய்து சம்மதம் வாங்கினேன்.

பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் வருகிறவர்களுக்கே விட்டுவிட்டேன். சுவரில் ஒட்டியதைக் கிழிக்கும் வேலை மிச்சம். கம்ப்யூட்டர், பிரிண்டர், கார்டு மெஷின், கேமரா நான்கையும் புதுப் பெயரில் தனியாக வைத்தேன். மாடி சாருக்கும் அக்கா பழைய வைஃபையைக் கொடுத்திருந்தார். "பாவம், டிவி ஒண்ணுதான் அவருக்குத் துணை. அதை அறுத்துடாத" என்றார். அறுக்கவில்லை. அவருடைய டிவி எப்போதும்போல ஓடியது. அக்காவின் ஃபோனில் மகன் போட்டுக்கொடுத்த கேமரா ஆப் இருந்தது, அதிலும் கடை தெளிவாகத் தெரிந்தது. நல்ல வேலை செய்த திருப்தியில் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் ஃபோன் வந்தது.

"தம்பி, நீ என்னமோ பண்ணிட்ட. நீ போனதுலேருந்து லைட்டு எரியவே இல்ல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் வேலையில் குறை சொன்னால் நான் சாப்பாட்டைக்கூடப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்புகிறவன். போனேன். அக்கா மேசையில் உட்கார்ந்திருந்தார், முகம் வாடியிருந்தது. ஒரு பெண்மணிக்கு ஃபிரேம் காட்டிக்கொண்டே இரண்டு தடவை சுவரின் உச்சியைப் பார்த்தார். அந்தப் பெண்மணி எது நன்றாக இருக்கிறது என்று கேட்டதற்கு, "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார். அக்கா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததில்லை. ஒருவருடைய மூக்குக்கு ஒரு ஃபிரேம்தான் பொருந்தும் என்று சாதிக்கிறவர் அவர்.

அந்தப் பெண்மணி போனதும் அக்காவின் ஃபோனை வாங்கினேன். வைஃபையை அணைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். ஃபோனை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றேன். ஆப்பைத் திறந்தேன். கடை வந்தது. மேசை வந்தது. அக்கா குனிந்து ஒரு சின்ன ஆணியைத் திருகிக்கொண்டிருந்தார். ஏதோ தோன்றி நிமிர்ந்தார்.

அவர் முகம் மாறியதை நான் அந்தச் சின்னத் திரையில் பார்த்தேன். ஆணியை மேசையில் போட்டுவிட்டு எழுந்தார். காதோரத்து முடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார். சிரித்தார். ஃபோனிலிருந்து அவர் குரல் வந்தது.

"வந்துட்டியாப்பா? எங்க போயிட்ட இத்தனை நாளா? உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நான் பயந்தே போயிட்டேன்."

சட்டென்று ஆப்பை மூடினேன். சோதித்துப் பார்ப்பது நான்தான் என்று முன்னாலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், தோன்றவில்லை. பேருந்து ஒன்று வந்து நின்று கிளம்பிப் போனது. எத்தனையோ கடைகளில் எத்தனையோ கேமராக்களைச் சோதித்திருக்கிறேன், ஒரு தடவையும் எனக்கு அழுகை வந்ததில்லை.

கடைக்குள் போனபோது அக்கா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"பார்த்தியா தம்பி, வந்துட்டான்! ஒரு நிமிஷம் எரிஞ்சுது."

"அது நான்தான்க்கா. ரோட்டுலேருந்து பார்த்தேன்."

அவர் உட்கார்ந்தார். மேசைமேல் கையால் தடவி, போட்ட ஆணியைத் தேடினார்.

"அப்போ கேமரா நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"நல்லாத்தான் இருக்குக்கா."

கேமரா நன்றாக இருக்கிறது என்றால் மிச்சம் என்ன என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவன் வெளியூர் ஏதாவது போயிருப்பான் என்று அக்கா மெதுவாகச் சொன்னார். இருக்கும் என்றேன். இத்தோடு முடிந்திருந்தால் அவர் அந்த வெளியூரை நம்பிக்கொண்டு இன்னும் கொஞ்ச நாளைத் தள்ளியிருப்பார்.

மாடி சார் உள்ளே வந்தார். ஒடிசலான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தார். நான் வந்ததை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார்.

"நீங்கதானே வைஃபை பார்க்கறவரு? டிவியில மத்ததெல்லாம் வருது தம்பி. கடை மட்டும் வரல" என்றார்.

"எந்தக் கடை சார்?"

"இந்தக் கடைதான்."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அவருடைய டிவிப் பெட்டியில், அதே வைஃபையில் இருக்கிற கேமராக்களைத் தானாகத் தேடிப்பிடித்துக் காட்டும் வசதி ஒன்று இருந்திருக்கிறது. ரிமோட்டில் எதையோ அழுத்தப்போக, கடை வந்துவிட்டது. டப்பாப் பாஸ்வேர்டுதானே, தடுக்க ஆளில்லை. வைஃபையோடு சேர்த்து அக்காவே கொடுத்திருக்கிறார் என்று மனிதர் நினைத்துக்கொண்டார். சில கட்டடங்களில் வாசலைக் காட்டுவார்களே, அதுபோல என்று.

"எத்தனை நாளா சார் பார்க்கறீங்க?"

"கேமரா மாட்டுன கொஞ்ச நாள்லேருந்தே வருது. நேரம் போகும். ஆளுங்க வருவாங்க, போவாங்க, கண்ணாடி மாட்டிப் பார்ப்பாங்க."

நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஒரு பெண் தனியாக இருக்கிற கடையை மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா, போலீஸில் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டேன். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"தப்பா ஒண்ணும் பார்க்கலம்மா. நீங்க புள்ளகிட்ட பேசறீங்கன்னு தெரியும். அங்க அவரு பார்க்கறாரு, இங்க நான் பார்க்கறேன், அவ்வளவுதான்னு இருந்துட்டேன். எனக்குன்னு பேசறதில்லன்னு தெரியாமலா இருக்கும்? ஆனா மத்தியானம் தட்டை வெச்சுக்கிட்டு 'சாப்பிட்டியா'ன்னு கேப்பீங்களே... என்னையறியாம 'ஆச்சும்மா'ன்னு சொல்லிடுவேன்."

அக்கா திட்டுவார், மேசையில் இருப்பதை எடுத்து வீசுவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். கடைசியில் மிகவும் மரியாதையான குரலில், "நீங்க மேல போங்க சார்" என்றார். அவர் போனார். படியில் அவர் ஒவ்வொரு காலாக வைத்து ஏறுகிற சத்தம் கடைக்குள் கேட்டது.

"தம்பி, உன் பெட்டியில பார்த்து ஒண்ணு சொல்லு. லைட்டு எரிஞ்சப்பல்லாம் மாடி சார்தானா?"

பார்க்காமலே ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கண்களுக்கு முன்னால் எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. வைஃபை பெட்டியான ரவுட்டரின் பதிவை என் ஃபோனில் திறந்தேன். எந்தக் கருவி இணையத்துக்கு எவ்வளவு அனுப்பியது என்று அதில் தெரியும். கேமராவுக்கு நேரே, நான் தெருவிலிருந்து பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்தைத் தவிர, சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமே இல்லை. மாடி டிவி இதே வைஃபையில் இருந்ததால் அது இந்தக் கணக்கில் வராது; இணையம் வழியாக வெளியிலிருந்து யாரும் அதைத் திறக்கவில்லை.

"இதுல பதிவு இருக்கற வரைக்கும் உங்க பையன் திறக்கலக்கா."

"எது வரைக்கும் இருக்கு?"

"இந்த வருஷம் மட்டும்தான்."

"அப்போ போன வருஷம் பார்த்திருப்பான்."

"பார்த்திருப்பாருக்கா" என்றேன். பொய் சொல்லவில்லை. தெரியாததைச் சொன்னேன்.

மாடி சாரை உடனே காலி பண்ணச் சொல்லுங்கள் என்று மறுபடி ஆரம்பித்தேன். என் கோபம் அவர்மேல்தானா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவரு பார்த்தாரேன்னு எனக்குக் கோபம் இல்ல தம்பி. அவரு மட்டும்தான் பார்த்தாருங்கறதைத்தான் தாங்க முடியல."

சொல்லிவிட்டு எழுந்து பாதிச் சுவருக்குப் பின்னால் போனார். யாருக்கோ சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டிய லென்ஸ் இருந்தது. இயந்திரம் ஓடுகிற சத்தம் வந்தது. நான் பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். வருகிறேன் என்று சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது.

இப்படிப்பட்ட இடங்களுக்கு மறுபடி போக எனக்குப் பிடிக்காது. என் வேலை கம்பியும் பெட்டியும், மனுஷர்கள் இல்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி, உன் அம்மாவுக்கு ஃபோன் பண்ணி எத்தனை நாளாச்சு என்று மட்டும் கேட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் பண்ணினேன்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா கூப்பிட்டார். ஒரு சின்ன வேலை, ஏணி கொண்டு வா என்றார். போனால் நாற்காலி பழையபடி தூண் மறைவுக்குப் போயிருந்தது. மேசைமேல் தட்டு இல்லை. மாடி சார் இன்னும் மேலேதான் இருந்தார், அவருடைய வைஃபையை அக்கா அறுக்கச் சொல்லவில்லை. இரண்டு பேரும் வாசலில் எதிர்ப்பட்டால் ஒருவர் நின்று மற்றவருக்கு வழி விடுவதாகவும், பேசுவதில்லை என்றும் அக்காவே சொன்னார்.

"அந்தக் கேமராவைக் கழட்டிடு."

"திருட்டுப் பயத்துக்காவது இருக்கட்டுமேக்கா."

"வர்றவன் என்னத்த எடுப்பான்? ஃபிரேமா? பவர் சரியா இருக்கான்னு பார்த்துட்டு எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

பழைய அக்கா எட்டிப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அவரே தொடர்ந்து சொன்னார்.

"அது இருக்கற வரைக்கும் நான் அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருப்பேன் தம்பி. கழுத்து வலிக்குது."

ஏணியைச் சாத்தி ஏறினேன். காலை நேரம். பெஞ்சில் ஒருவரும் இல்லை. முதலில் மின்சாரக் கம்பியைப் பிடுங்கினேன், பிறகு திருகாணிகளைக் கழற்றினேன். கேமரா என் கையோடு வந்தது. சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அப்போதுதான் மேசைமேல் அக்காவின் ஃபோன் அடித்தது.

அக்கா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையெல்லாம் லென்ஸ் தூள். ஒரு விரலால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"அம்மா, எப்படி இருக்க?"

நல்ல குரல். களைப்பும் அன்பும் உள்ள குரல்தான், கெட்டவன் குரல் இல்லை. அவனைப் பார்க்காமலே இத்தனை நாளாகத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு மாதிரி ஏமாற்றமாக இருந்தது.

"நல்லா இருக்கேம்ப்பா. நீ?"

"ரொம்ப நாளா ஃபோன் பண்ணலன்னு கோச்சுக்காதம்மா. வேலை கழுத்தை நெரிக்குது. பண்ணாட்டியும் கேமராவுல தினமும் உன்னைப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

அக்கா ஒரு விரலால் ஃபோனைக் கிட்டே நகர்த்தினார்.

"இப்பகூட பார்த்துட்டுதான் கூப்பிடறேன். கடையில நல்ல கூட்டம் போலிருக்கே?"

பிடுங்கிய கம்பி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கேமரா தலைகீழாக என் உள்ளங்கையில் கிடந்தது. ஏணியில் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், அதன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். அக்கா நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். காலியான பெஞ்சைப் பார்த்தார்.

"ஆமாப்பா. நல்ல கூட்டம். நிக்க இடமில்ல. வெச்சிடட்டுமா?"

"சரிம்மா. பாரு, பாரு. அப்புறம் கூப்பிடறேன்."

ஃபோன் அணைந்தது. அக்கா கொஞ்ச நேரம் கையில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் ஏணியை விட்டு இறங்கி, கேமராவை எங்கே வைப்பதென்று தெரியாமல் பெஞ்சில் வைத்தேன்.

"இன்னைக்கு நான் என்ன கலர் உடுத்தியிருக்கேன்னு அவனைக் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி" என்றார்.

"கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா ஏதாவது ஒரு கலரைச் சொல்லியிருப்பான். அதைக் கேட்டுட்டு நான் இங்க எப்படி உக்காந்திருக்கறது?"